விசாலாட்சி காட்டிய காளான் சரிவு

பெரார்கஞ்சை விட்டு அடுத்த கப்பலிலேயே கிளம்பிவிடுவது என்று திருநாவுக்கரசு முடிவு கட்டிவிட்டார். முடிவு கட்டுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. மூட்டை கட்டுவதுதான் நடந்தபாடில்லை.

அவர் சாலை போடும் ஆபீசில் ஸ்டோர் கிளார்க். மூன்று வருஷ டெபுடேஷன் என்று சொல்லி அந்தமானுக்கு அனுப்பினார்கள். மூன்று வருஷம் எப்போதோ முடிந்து, இதோ இன்னொரு மழைக்காலமும் பிறந்துவிட்டது. ரிலீவிங் ஆர்டரில் ஒரே ஒரு கையெழுத்து விழ வேண்டும். அதைப் போட வேண்டியவர் போர்ட் பிளேரில் இருக்கும் இன்ஜினியர் பாலசுப்பிரமணியம். "பதில் ஆள் வரட்டும்யா" என்பார் அவர். பதில் ஆள் மதராஸ் துறைமுகம் வரை வருவான், கடலைப் பார்ப்பான், வீட்டுக்குத் திரும்பிப் போய்விடுவான்.

திருநாவுக்கரசுக்கு இந்தத் தீவில் பிடித்தது என்று ஒன்றும் கிடையாது. காப்பிக்கு டின் பால். பேப்பர் கப்பலில் வரும். அதைப் படித்து இவர் கவலைப்பட ஆரம்பிக்கும்போது அந்தக் கவலை மெயின்லேண்டில் தீர்ந்து போயிருக்கும். மழை பெய்தால் நிற்காது. நின்றால் அட்டை. கொல்லைக்குப் பின்னால் வயல், வயலுக்குப் பின்னால் பாக்குத் தோட்டம், அதற்குப் பின்னால் காடு. அந்தக் காட்டைப் பார்த்தாலே அவருக்குப் பிடிக்காது. ஒரு மரத்துக்குக் கூட ஒழுங்கு முறை கிடையாது என்பார்.

அவர் மனைவி விசாலாட்சி கதையே வேறு. வரும்போது கப்பலில் மூன்று வேளையும் அழுதவள் அவள். "என்னைக் கொண்டுபோய்க் கடல்ல தள்ளுறீங்களே" என்று மாயவரம் தொடங்கிப் புலம்பியவள். இப்போது பக்கத்து வீட்டு வங்காளத் தீதியோடு ஹிந்தியில் பேசுவாள், மலையாளத்துச் சேச்சியோடு ஹிந்தியில் பேசுவாள், கோபம் வந்தால் புருஷனோடும் ஹிந்தியில் பேசுவாள். அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு காட்டுக்குள் போவாள். கீரை கொண்டு வருவாள், கிழங்கு கொண்டு வருவாள். முதல் இடி இடித்துவிட்டால் காளான் கொண்டு வருவாள்.

காளான் என்றால் சும்மா இல்லை. கூடை கொள்ளாமல் வரும். எங்கிருந்து என்று கேட்டால், "அந்தப் பக்கம்" என்பாள். பெரார்கஞ்சில் எதைக் கேட்டாலும் ஏதோ ஒரு பக்கத்தில்தானே இருக்கும்! காளான் கிடைக்கும் இடத்தைக் கட்டின புருஷனிடம் கூடச் சொல்லக் கூடாது என்பது அவள் சட்டம். புருஷனும் தின்பதற்கு வாயைத் திறந்தாரே தவிர, கேட்பதற்கு அதிகம் திறந்ததில்லை.

வினை இன்ஜினியர் ரூபத்தில் வந்தது. போன வாரம் ஸ்டோரைப் பார்வையிட வந்தவர் இவர் வீட்டில் சாப்பிட்டார். தேங்காய் அரைத்து, மிளகு தட்டிப் போட்டு, விசாலாட்சி வைத்த காளான் குழம்பு. முதல் கவளத்தில் பேச்சை நிறுத்தினார். இரண்டாவது கவளத்தில் கண்ணை மூடினார். மூன்றாவதில் கண் கலங்கிவிட்டது.

"அரசு, இது எங்கய்யா கெடைக்குது?"

"இங்கதான் சார், காட்டுல."

"தின்னாப் போதாதுய்யா. என் கையால புடுங்கணும். சின்ன வயசுல வயக்காட்டுப் புத்துல புடுங்கினது. அந்த எடத்தைக் காட்டும். வர்ற ஞாயித்துக்கிழம ஜீப்புல வரேன். திங்கக்கிழம உம்ம ஆர்டர்ல கையெழுத்து."

திருநாவுக்கரசுக்குத் தலை கிறுகிறுத்தது. மாயவரம் ஸ்டேஷனே கண்முன் வந்து நின்றது. நுரை பொங்கும் காப்பி டம்ளர் அதற்கும் முன்னால் வந்து நின்றது. ஆபீசர் போனதும் அவர் ஒரு திட்டம் தீட்டினார். விஷயத்தைச் சொல்லாமல் விசாலாட்சியிடமிருந்து இடத்தைக் கறந்துவிட வேண்டும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், அம்மி முன்னால் உட்கார்ந்திருந்தவளிடம் போய் மெதுவாக ஆரம்பித்தார்.

"விசாலம், எனக்கு இந்தக் காட்டை ஒரு சுத்து நடந்து பாக்கணும்னு ஆசையா இருக்கு."

அம்மிக்குழவி நின்றது. "உங்களுக்கா?"

"ஏன், எனக்கு ஆசை வரக் கூடாதா?"

"கொல்லைக்குப் போறதுக்கே கொடையும் தடியும் எடுத்துக்கிட்டுப் போற மனுஷன்..."

"அதெல்லாம் அப்ப. இப்ப மனசு மாறிடுச்சு. நாளைக்கு நீ காளானுக்குப் போறப்ப நானும் வரேன். தொணைக்கு."

"யாருக்கு யாரு தொணை?"

"ஒருத்தருக்கொருத்தர்தான்!"

விசாலாட்சி குழவியை மறுபடி உருட்டினாள். "ஞாயித்துக்கிழம எத்தன பேருக்குச் சமைக்கணும்?"

"எதுக்குக் கேக்குற?"

"ஆபீசர் காளான் புடுங்க வராராமே. ஜீப் டிரைவர் கோவிந்தராஜ் அன்னிக்கே சொல்லிட்டுப் போனான். 'அக்கா, பெரிய கூடையா எடுத்து வைங்க, திங்கக்கிழம அண்ணனுக்கு ஆர்டர்'னு."

திட்டம் அவ்வளவுதான். திருநாவுக்கரசு பக்கத்தில் கிடந்த பலகையில் உட்கார்ந்தார். கெஞ்சலில் இறங்கினார்.

"நம்ம ஊருக்குப் போலாம் விசாலம். கோயில், குளம், சொந்த பந்தம்..."

"ஒங்க அண்ணன் வீடு."

"ஆமா, அண்ணன் வீடு. அதுக்கென்ன?"

"அங்க எனக்கு எது வரைக்கும் எல்லைன்னு தெரியுமா ஒங்களுக்கு? வாசப்படி. அதுக்கும் ஒங்க அண்ணிகிட்ட கேக்கணும். கடைத்தெரு பாத்ததில்ல நான். ஆத்தங்கரைக்குப் போனா, கூட ரெண்டு பேரு காவல். இங்க வந்துதாங்க எனக்குக் காலு இருக்குன்னே தெரிஞ்சுது." அம்மியில் இருந்ததை வழித்தாள். பிறகு, அவர் எதிர்பார்க்கவே இல்லை, "சரி வாங்க. நாளைக்கு ஒரு எடம் காட்டறேன்" என்றாள்.

"நெஜமாவா?"

"நெஜந்தான். ஆனா செருப்புக் கூடாது. கொடை கூடாது. கூடையை நீங்கதான் தூக்கணும். அங்க போனதும் வாயைத் தெறக்கக் கூடாது."

"வாயைத் தெறந்தா?"

"காளான் எல்லாம் ஒங்க பேச்சைக் கேட்டுட்டு மண்ணுக்குள்ளயே இருந்துக்கும்."

நாலையும் ஒப்புக்கொண்டார். பேசாமல் இருப்பதுதான் கஷ்டமாகப் பட்டது. ஆனாலும் மனசுக்குள் ஒரே குதூகலம். இவ்வளவு சுலபமாக விழுந்துவிட்டாளே! வழியைத் தன்னால் நினைவில் வைத்துக்கொள்ள முடியாது என்பது அவருக்கே தெரியும். ஆகவே வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பு டப்பாவை எடுத்து மடியில் செருகிக்கொண்டார். திரும்புகிற இடமெல்லாம் மரத்தில் ஒரு பொட்டு. மறுநாள் பொட்டைப் பார்த்து இன்ஜினியரைக் கூட்டிப் போக வேண்டியது. என்ன மூளை! அவரே தன் முதுகைத் தட்டிக்கொள்ளாத குறை.

விடிந்தும் விடியாமலும் கிளம்பினார்கள். விசாலாட்சி இருவர் கால்களிலும் புகையிலைத் தண்ணீரைத் தேய்த்தாள், அட்டைக்காக. வயல் வரப்பு, பாக்குத் தோட்டம், ஒரு ஓடை. ஓடையைத் தாண்டியதும் காடு அவர்களை உள்ளே வாங்கிக்கொண்டது.

திருநாவுக்கரசு இத்தனை வருஷமாகக் காட்டை வெளியிலிருந்தே திட்டியவர். உள்ளே வந்து திட்டலாம் என்று வாயைத் திறந்தவர், மூடிக்கொண்டார். கர்ஜன் மரங்கள் நின்றன. மேலே போகின்றன, போகின்றன, உச்சி எங்கே என்றே தெரியவில்லை. அண்ணாந்து பார்த்ததில் தலையில் இருந்த கூடை பின்னால் விழுந்தது. ஒரு படாக்கு மரத்தின் வேர்கள் தரைக்கு மேலேயே சுவர் மாதிரி எழும்பி நின்றன. அவர் ஆபீஸ் அறையை அதற்குள் வைத்துப் பூட்டிவிடலாம். இரண்டு சுவர்களுக்கு நடுவே நின்று பார்த்தார். தன் உயரம் என்ன என்று முதல் தடவையாக அவருக்குத் தெரிந்தது.

"என்ன நின்னுட்டீங்க?"

"ஒண்ணுமில்ல. கால்ல முள்ளு."

முள் எதுவும் இல்லை. அவள் திரும்பி நடந்ததும் அவசரமாக ஒரு சுண்ணாம்புப் பொட்டு வைத்தார்.

பிரம்புக் கொடிகள் வேட்டியைப் பிடித்து இழுத்தன. எங்கோ உயரத்தில் மலை மைனாக்கள் கத்தின. நேற்றைய மழை இன்னும் இலை இலையாக இறங்கிக்கொண்டிருந்தது. விசாலாட்சி முன்னால் போனாள். எந்த வேரில் கால் வைக்கலாம், எந்தக் கல் வழுக்கும் என்று அவள் பாதத்துக்கே தெரிந்திருந்தது. வீட்டு அடுப்பங்கரையில் வளைய வருகிற பெண்பிள்ளை இவள்தானா என்று திருநாவுக்கரசுக்குச் சந்தேகமாகிவிட்டது. பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு, பொட்டு வைத்துக்கொண்டு, பொட்டு வைத்த விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு அவர் நடந்தார்.

ஒரு மேட்டின் மேல் அவள் நின்றாள். உதட்டில் விரலை வைத்தாள். எதிரே இருந்த கொடியை ஒதுக்கினாள்.

கீழே சரிவு முழுக்க வெள்ளை.

யாரோ ஊருக்கே சோறு வடித்து அந்தச் சரிவில் கொட்டிவிட்டது போல் இருந்தது. கரையான் புற்றுகளைச் சுற்றி, விழுந்த மரங்களின் ஓரத்தில், வேர்களின் சந்தில், கண் போன தூரமெல்லாம் காளான். விரிந்தவை, விரியப் போகிறவை, இப்போதுதான் மண்ணைப் பிளந்து எட்டிப் பார்ப்பவை. மர உச்சிகளின் வழியே வெயில் சாய்வாக இறங்கி, ஒவ்வொரு குடையின் விளிம்பிலும் ஒரு ஒளிக்கோடு போட்டிருந்தது. சத்தமே இல்லை. திருநாவுக்கரசு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். காட்சி மாறவில்லை.

அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டார். காலடியில் ஒரு காய்ந்த இலை தானாக அசைந்தது. காற்று இல்லை, பூச்சி இல்லை. பார்த்துக்கொண்டே இருந்தார். இலைக்கு அடியிலிருந்து ஒரு சின்னத் தலை, கட்டைவிரல் நகம் அளவு, இலையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கிக்கொண்டு வந்தது. அதற்கு அவசரம் இல்லை. அவருக்கும் அப்போது அவசரம் இல்லாமல் போயிற்று. நேற்று இவை இங்கே இல்லை. நாளை மறுநாள் இருக்கப் போவதில்லை. தான் டின் பாலைத் திட்டிக்கொண்டு கிடந்த ஒவ்வொரு மழைக்காலத்திலும், கூப்பிடு தூரத்தில், யாருக்கும் சொல்லாமல் இது நடந்துகொண்டிருந்திருக்கிறது. பேசக் கூடாது என்று அவள் சொல்லியிருக்கவே வேண்டாம்.

விசாலாட்சி விரிந்தவற்றை மட்டும் பறித்தாள். மொட்டுகளை இலையால் மூடிவிட்டாள். அவரும் பறித்தார். ஒவ்வொன்றையும் இரண்டு கையாலும் எடுத்தார், பிரசாதம் வாங்குகிற மாதிரி. அவள் ஒரு தடவை நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு வேலையைப் பார்த்தாள்.

திரும்பும் வழியில் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்தும் பேசவில்லை. விசாலாட்சிக்கே பயமாகிவிட்டது. நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஜீப் வந்தது. இன்ஜினியர் பாலசுப்பிரமணியம் தலையில் தொப்பி, காலில் முழங்கால் வரை பூட்ஸ், கையில் ஒரு பெரிய பிரம்புக் கூடை. கல்யாணத்துக்குச் சீர் கொண்டு போகிறவர் மாதிரி ஒரே மலர்ச்சி.

"அரசு, ராத்திரியெல்லாம் தூக்கமில்லய்யா. போலாமா?"

"போலாம் சார்."

வயல், தோட்டம், ஓடை. காட்டுக்குள் நுழைந்ததுமே முதல் பொட்டு கண்ணில் பட்டது. பளிச்சென்று இருந்தது. மாயவரம் இந்தப் பக்கம் என்று கைகாட்டி வைத்த மாதிரி. அடுத்த பொட்டு, அதற்கடுத்தது. இன்ஜினியர் பின்னால் பேசிக்கொண்டே வந்தார்.

"எடம் பெரிசாய்யா?"

"ம்."

"பெரிசுன்னா நல்லதாப் போச்சு. அடுத்த வாரம் லேபரைக் கூட்டியாந்து ஒரே அடியா வழிச்சு எடுத்துடலாம். சூப்பரிண்டெண்ட் வீட்டுக்கு ரெண்டு கூடை. டாக்டர் வீட்டுக்கு ஒண்ணு. வர்றதுக்கு நல்லா அகலமா ஒரு பாதை வெட்டிட்டா ஜீப்பே வந்துரும்!"

திருநாவுக்கரசு நின்றார். எதிரே படாக்கு மரம். அதன் வேர்ச் சுவரில் அவர் வைத்த பொட்டு. அங்கிருந்து பாதை இரண்டாகப் பிரிந்தது. வலது பக்கம் போனால் மேடு, மேட்டுக்கு அப்பால் சரிவு. வலது பக்கம் போனால் கையெழுத்து, கப்பல், காப்பி. காய்ந்த இலையைத் தூக்கிக்கொண்டு வந்த அந்தச் சின்னத் தலை ஞாபகத்துக்கு வந்தது. இந்நேரம் விரிந்திருக்கும்.

"அட்டை! அட்டை!" என்று அலறினார் இன்ஜினியர். குனிந்து பூட்ஸோடு மல்லுக்கட்டினார்.

திருநாவுக்கரசு கட்டைவிரலில் எச்சிலைத் தொட்டார். பொட்டை அழித்தார். மூன்று வருஷ ஆசை அந்த விரலோடு போயிற்று.

"இப்படி வாங்க சார்" என்று இடது பக்கம் திரும்பினார்.

அதன் பிறகு நடந்ததை இன்ஜினியர் ஆயுசுக்கும் மறக்க மாட்டார். இடது பக்கம் பிரம்பங்காடு. தொப்பியைப் பிரம்பு எடுத்துக்கொண்டது. அதற்கப்புறம் சேறு. ஒரு பூட்ஸைச் சேறு எடுத்துக்கொண்டது. அட்டைகள் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டன. கூடையில் கடைசி வரை விழுந்தது மழைத்தண்ணீர் மட்டும்தான். சுற்றிச் சுற்றி ஒரு வழியாக ரோட்டுக்கு வந்து சேர்ந்தபோது, ஜீப்பில் சாய்ந்து நின்ற கோவிந்தராஜுக்குத் தன் ஆபீசரை அடையாளம் தெரியவில்லை.

"அரசு," என்றார் இன்ஜினியர், மூச்சு வாங்கிக்கொண்டு. "வழி தெரியுமா தெரியாதா உமக்கு?"

"நேத்து இந்தப் பக்கம் இருந்த மாதிரி இருந்தது சார்..."

"இத்தன வருஷமா இருந்தும் கொல்லைக்குப் பின்னால இருக்கிற காடு தெரியல. ஆர்டர்ல கையெழுத்தா? இன்னும் ரெண்டு வருஷம் இங்கயே இருந்து வழி கத்துக்கும்!"

ஜீப் போய்விட்டது. ஆச்சரியம், திருநாவுக்கரசுக்கு அழுகை வரவில்லை. நெஞ்சு நிமிர்ந்திருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாகத் தாமாக ஒன்றைச் செய்திருக்கிறார். பெண்டாட்டியின் ரகசியத்தைத் தன் கப்பலை விற்றுக் காப்பாற்றியிருக்கிறார். இதை அவளிடம் எப்படிச் சொல்வது, எந்த இடத்தில் நிறுத்தி நிறுத்திச் சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே வீட்டுக்குள் நுழைந்தார்.

விசாலாட்சி அடுப்படியில் இருந்தாள்.

"விசாலம், நான் காட்டல."

கரண்டியோடு திரும்பினாள். "காட்டலியா?"

"ரெண்டு வருஷம் போட்டுட்டான் மனுஷன். போடட்டும்! ஜீப் விடப் பாக்கறான் அங்க! ஒன் எடத்தை ஈ எறும்புக்குத் தெரியாமக் காப்பாத்திட்டேன்."

விசாலாட்சி கரண்டியைக் கீழே வைத்தாள். கிட்டே வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் தளும்பியது. சரி, இப்போது காலில் விழப் போகிறாள் என்று அவர் தயாராக நின்றார். அவளுக்கு ஒரு பக்கம் அழுகை, ஒரு பக்கம் சிரிப்பு.

"ஏங்க, அது என் எடம் இல்லீங்க."

"என்னது?"

"ஒரு எடம் காட்டறேன்னுதான சொன்னேன்? அது பெரார்கஞ்சுக்கே தெரிஞ்ச எடம். மொத இடி இடிச்சா வீட்டுக்கு ஒரு நாள்னு மொற வச்சிருக்கோம். வங்காளத் தீதி, சேச்சி, காட்டு வேலைக்கு வந்த ராஞ்சிக்காரங்க, எல்லாரும் பேசி வச்சது, சண்ட வரக் கூடாதுன்னு. மொட்டைத் தொடக் கூடாது, அதான் சட்டம். நேத்து நம்ம மொற. இன்னிக்கு எதிர்வீட்டு அலமுவோட மொற."

திருநாவுக்கரசு சுவரைப் பிடித்துக்கொண்டார். "அப்ப இன்னிக்கு நான் அவரைக் கூட்டிட்டுப் போயிருந்தா?"

"அலமு அவரை நாலு காளான் புடுங்க விட்டுட்டு, ஜீப்பு கீப்புன்னா அருவாளைக் காட்டியிருப்பா. ராஞ்சிக்காரங்க பாதை வெட்ட விட்டுருவாங்களா? நாளைக்கு ஒங்களுக்குக் கையெழுத்து விழுந்திருக்கும்."

"விழுந்திருந்தா? நீ என்ன பண்ணியிருப்ப?"

"அழுதுகிட்டே கப்பல் ஏறியிருப்பேன். ஆனா நீங்க காட்ட மாட்டீங்கன்னு நேத்தே தெரியும். அங்க குந்தியிருந்தப்ப ஒங்க மூஞ்சியப் பாத்தேன்ல."

அப்போதுதான் அடுப்புக்குப் பக்கத்தில், வாழையிலை போட்டு மூடியிருந்த கூடையைப் பார்த்தார். இலையை விலக்கினார். உள்ளே காளான். நேற்றைய காளான்கள் இதற்குக் குழந்தைகள். ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அகலம். வெள்ளை கூட இல்லை, விடியற்காலை வானத்தின் நிறம். மண் வாசனை அறையெல்லாம் நிறைந்தது.

"இது?"

"இதுதான் என் எடத்துது. நீங்க ஆபீசரோட அந்தாண்ட போனதும் நான் இந்தாண்ட போயிட்டு வந்தேன்."

ஊர்ப்பொது இடமே அப்படி இருந்ததென்றால்? திருநாவுக்கரசுக்கு மேலே நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. சந்நிதியில் நிற்கிறவர் மாதிரி குரல் தாழ்ந்துபோயிற்று.

"விசாலம்... அதை எனக்கு ஒரே ஒரு தடவ காட்டுவியா?"

விசாலாட்சி கூடையை இலையால் மூடினாள்.

"இன்னும் ரெண்டு வருஷம் இங்கதான இருக்கப் போறீங்க? பாப்போம்."